மிக்ஸர் மேஜையிலிருந்து: விசுவாசம், சபை ஊழியம், தொழில்நுட்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லை, தூத்துக்குடி பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மைக், மிக்ஸர் (மைக்குகளின் ஒலியைக் கலந்து கூட்டிக் குறைக்கும் கருவி), திரை, நேரலை வேலைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள்தான். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கமிட்டிக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடைய கருத்து. உங்கள் ஐயர் (சபைப் போதகர்) வேறு மாதிரி சொன்னால் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். மற்ற சபைக்காரர்களுக்குப் பெயர்கள்தான் மாறும், பாடு ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாட்டு வரி மாற்றுவதெல்லாம் ஊழியம் ஆகுமா?

ஆகும். யாத்திராகமம் 31-ஐ எடுத்துப் படியுங்கள். ஆசரிப்புக் கூடார வேலைக்காகக் கர்த்தர் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவனைத் தம்முடைய ஆவியினால் நிரப்பியதாகச் சொல்கிறார். பிரசங்கம் பண்ணுவதற்காக அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, இரத்தினங்களை வெட்டிப் பதிக்க, மரத்தில் சித்திரவேலை செய்ய. கைத்தொழில்காரனுக்குக் கிடைத்த அந்த மரியாதை, ஆராதனை முடிந்து கேபிள் சுருட்டுகிறவனுக்கும் உண்டு என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆனால் அதே புத்தகத்தில் 39-ஆம் அதிகாரக் கடைசியில் மோசே வந்து எல்லா வேலையையும் பார்வையிடுகிறான். சொன்னபடியே செய்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் ஆசீர்வதிக்கிறான். நம் சபைகளில் இந்தப் பின்பாதி காணாமல் போய்விடுகிறது. "ஊழியம்தானே, சம்பளமா தருகிறார்கள், இவ்வளவு போதும்" என்ற பேச்சு வந்துவிட்டால் ஞாயிறுதோறும் மைக் ஊளையிடத்தான் செய்யும்.

ஆலயத்துக்குள் திரையும் கேமராவும் எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

முதலில் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு நம் சரித்திரமே பதில் சொல்லும். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே 1578-ல் கொல்லத்தில் வந்த ஒரு கிறிஸ்தவப் போதனை நூல்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-ல் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்தன, காகிதம் ஏராளமாகச் செலவானது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அச்சுக்கூடம் எவ்வளவு புதுசாக இருந்திருக்கும்! இன்று பாட்டி கையில் இருக்கும் கறுப்பு அட்டை வேதாகமம் அந்தப் புதுசிலிருந்து வந்ததுதான்.

இப்போது அவர்கள் பக்க நியாயம். ஐயர் ஆசீர்வாதம் கூறும்போது பீடத்துக்கும் சபைக்கும் நடுவே ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பதை யாருமே விரும்ப மாட்டார்கள். கேமராவைப் பக்கச் சுவரில் நிலையாக மாட்டுங்கள். முழங்கால்படியிட்டு ஜெபிப்பவர்களின் முகத்தை நெருக்கத்தில் காட்டாதீர்கள்; அழுகிற முகத்தை ஒருபோதும் காட்டாதீர்கள். திரை வந்துவிட்டது என்று பாமாலைப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட வேண்டாம். ராகத்தையும் எண்ணையும் புத்தகத்தில் பார்த்தே பாடிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஞாயிறு முழுவதும் வேலை பார்க்கிறேன். நான் ஆராதிக்கவே இல்லையே?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. கேட்காதவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

லூக்கா 10-ல் மார்த்தாள் பற்பல வேலைகளைச் செய்து வருத்தமடைந்தாள் என்று இருக்கிறது. அவள் வேலை செய்ததை இயேசு குறை சொல்லவில்லை, கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் சொல்கிறார். மிக்ஸர் முன்னால் இருப்பவனுக்கு அந்தக் கலக்கம் நன்றாகப் புரியும். பிரசங்கத்தில் எல்லாரும் வசனத்தைக் கேட்பார்கள். இவன் மட்டும் "ஐயர் மைக்கில் 'ப' எழுத்து ஏன் இப்படி வெடிக்கிறது" என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

இதற்கு ஆவிக்குரிய அறிவுரையைவிட முறைப்பட்டியல்தான் உதவும். ஒருவரே நாலு ஞாயிறும் உட்காரக் கூடாது. குறைந்தது ஒரு ஞாயிறு, அதுவும் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்தல்) உள்ள ஞாயிறாகப் பார்த்து, குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு ஆராதனை நடக்கிற சபை என்றால் அதிகாலை ஆராதனைக்கு ஆராதிக்க வாருங்கள், இரண்டாவதுக்கு வேலைக்கு வாருங்கள். ஆள் இல்லை என்று கமிட்டி சொன்னால், ஆள் பழகும்வரை நேரலையை மாதம் ஒருமுறை ஆக்கச் சொல்லுங்கள். நேரலை நின்றால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் சலித்துப்போன பிள்ளை சபையை விட்டே போய்விடுவான். அப்படிப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

தினசரி தியானத்துக்குப் போன் நல்லதா, புத்தகம் நல்லதா?

வாசிப்பதற்குப் போன் தாராளமாகப் போதும். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றே கால் அதிகாரம் வாசித்தால் வருஷத்தில் முடியும். கணக்கு வைத்து ஞாபகப்படுத்த செயலி நல்ல உதவி. பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் காதில் மாட்டிக் கேட்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது பெரிய கிருபை.

தியானம் வேறு விஷயம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6-ல் இருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டுகிற கதவு, தாழ்ப்பாள் இல்லாத கதவுதான். ஒரு சங்கீதத்தை மூன்று தரம் மெதுவாக வாசித்து, மனதில் தங்குகிற ஒரே ஒரு வசனத்தை நோட்டில் பேனாவால் எழுதுங்கள். கீழே இரண்டு வரி போதும்: இன்று இதை வைத்து யாரிடம் என்ன செய்யப் போகிறேன். "பக்கத்து வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்ற அளவுக்கு நேரடியாக இருக்கட்டும். "அன்பாயிருக்க வேண்டும்" என்று எழுதினால் சாயங்காலம் சரிபார்க்க முடியாது.

செயலியில் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று ஓடும் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனதும், எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதே என்று வாசிப்பையே நிறுத்திவிட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கணினியும் பக்தியும் சேர்ந்த முன்மாதிரி யாராவது உண்டா?

கத்தோலிக்கத் திருச்சபை 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் கொடுத்த கார்லோ அகுதிஸ் இருக்கிறார். 1991-ல் லண்டனில் பிறந்து மிலானில் வளர்ந்த பையன். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஓர் இணையதளம் செய்தார். 2006-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 15. எனக்குப் பிடித்தது இணையதளத்தைவிட இன்னொரு செய்தி: வீடியோ கேம் பிடிக்கும், ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத்தானே கட்டுப்பாடு வைத்திருந்தாராம். நம் வீட்டுப் பிள்ளைகளை விடுங்கள், நமக்கே அது எட்டாத உயரம்.

பாட்டு வரிகளைத் திரையில் போடுவதில் ஏன் இவ்வளவு குளறுபடி?

முதல் காரணம் எழுத்துரு. பல சபைகளில் பழைய பாட்டுக் கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். எல்லாவற்றையும் ஒருமுறை யூனிகோடுக்கு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றிவிடுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்த்தே ஆக வேண்டும். எகர, ஏகார, ஒகர, ஓகாரக் கொம்புகளும் ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துகளும்தான் அதிகமாகக் கெடும். "தேவன்" என்பது "தவேன்" ஆகித் திரையில் வந்தால் அப்புறம் சின்னப் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள்.

இரண்டாவது காரணம், வரி மாற்றுகிறவருக்குப் பாட்டு தெரியாமல் இருப்பது. கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம். ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பாடகர் குழு பல்லவிக்குத் திரும்பும். சில பாட்டில் அனுபல்லவியையும் சேர்க்கும், சில நாளில் உற்சாகத்தில் இரண்டு தரம் பாடும். அதனால் ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னாலும் பல்லவியைத் தனிப் பக்கமாகப் போட்டு வையுங்கள். பின்னோக்கி ஓடித் தேடும் பதற்றம் இருக்காது. வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வரி மாற்றுகிறவரும் போய் உட்கார வேண்டும். இதில் மட்டும் நான் கறார்.

அடுத்த பக்கத்தை எப்போது மாற்றுவது? கடைசி வரியின் கடைசிச் சொல்லைப் பாட ஆரம்பிக்கும்போதே. பாடி முடித்த பிறகு மாற்றினால் சபை முழுக்க ஒரு மூச்சு பிந்தும், ஆர்கன் வாசிக்கிற தம்பி திரும்பிப் பார்ப்பான். பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து போதும். பின்னால் அருவி ஓடுவதும் மேகம் நகர்வதும் கண்புரை உள்ளவர்களுக்குத் தொல்லை.

நேரலை தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கிற போனையும் ஒரு முக்காலியையும் வைத்துத் தொடங்குங்கள். யூடியூபில் போனிலிருந்து நேரலை செய்ய அலைவரிசைக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். முதல் தடவை வசதியை இயக்கினால் செயலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகும். பண்டிகை அன்று காலையில் ஆரம்பித்துவிட்டு விழிக்காமல், இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் புரியவில்லை என்றால் மூடிவிடுவார்கள். பழைய ஆலயங்களில் உயரமான கூரை, கல் தரை, எதிரொலி அதிகம். பின் பெஞ்சில் வைத்த போன் அந்த எதிரொலியைத்தான் பிடிக்கும். ஆகவே முதல் செலவு, மிக்ஸரிலிருந்து போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ நேராக ஒலி எடுக்கும் கம்பிக்கும் அதற்கான சிறிய இணைப்புக் கருவிக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆலயத்துக்குள் ஒலிபெருக்கிக்குப் போகும் கலவையை அப்படியே நேரலைக்கு அனுப்பினால் பாடகர் குழு கேட்கவே கேட்காது. குழு நேரடியாகவே சத்தமாகப் பாடுவதால் உள்ளே அவர்களுடைய மைக்கைக் குறைத்துத்தான் வைத்திருப்பீர்கள். மிக்ஸரில் 'ஆக்ஸ்' என்று எழுதியிருக்கும் தனி வழியில் நேரலைக்கென்று வேறு கலவை அமையுங்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டே அமைக்க வேண்டும்.

கேமராவும், கம்ப்யூட்டரிலிருந்து நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளும் வந்த பிறகு, வாய் அசைவுக்கு முன்னாலேயே சத்தம் வருகிறது என்று புகார் வரும். கேமராப் படம் கம்ப்யூட்டருக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும், ஒலி உடனே வந்துவிடும். ஓபிஎஸ்ஸில் ஒலியை மில்லிவிநாடிக் கணக்கில் தாமதப்படுத்தும் இடம் இருக்கிறது. ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து, கை சேருவதும் சத்தமும் ஒன்றாகும்வரை கூட்டிக் குறையுங்கள்.

720பி தரத்துக்கு விநாடிக்கு 3 முதல் 4 மெகாபிட் போதும், பதிவேற்ற வேகம் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. சபையார் எல்லாரும் ஆலய வைஃபையைப் பயன்படுத்தினால் அந்த நிம்மதி போய்விடும். கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள், கமிட்டிச் செயலாளர் கேட்டாலும்.

நேரலை இருக்கும்போது ஆலயத்துக்கு ஏன் வர வேண்டும்?

2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று ஆலயக் கதவுகள் பூட்டியிருந்தபோது போன் திரைதான் ஆலயமாக இருந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். படுக்கையில் இருக்கிற தாத்தாவுக்கும், வளைகுடா நாட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை கிடைக்கிறவருக்கும் இன்றைக்கும் அது தேவை. நடக்க முடிகிறவர்களுக்கு எபிரெயர் 10:25 இருக்கிறது: சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிறது. அந்த வசனத்திலேயே "ஒருவருக்கொருவர் புத்திசொல்ல" வேண்டும் என்றும் இருக்கிறது. நேரலையில் நமக்குப் புத்தி சொல்லப்படும், நாம் யாருக்கும் சொல்ல முடியாது. அசனப் பண்டிகைச் சாப்பாட்டையும் நேரலையில் அனுப்ப முடியாது.

திருவிருந்து விஷயத்தில் ஐயரைக் கேளுங்கள். நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கும் வழக்கம் காலங்காலமாக இருக்கிறது, கூப்பிடத் தயங்காதீர்கள். இணையத்தில் அருட்சாதனங்கள் (திருவிருந்து, ஞானஸ்நானம் போன்ற சடங்குகள்) இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே எழுதிவிட்டது.

பாடல்களுக்குக் காப்புரிமைப் பிரச்சினை வருமா?

இந்தியாவில் ஒரு பாடலின் காப்புரிமை, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. 1864-ல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை யாரும் பாடலாம். உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கும் உண்டு. ஆனால் யூடியூபின் தானியங்கிச் சோதனைக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய 'டிராக்'கை (பதிவு செய்த இசையை) பின்னணியில் ஓடவிட்டுப் பாடினால் உரிமைக்கோரல் வரும். உங்கள் ஆர்கனே வாசித்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?

நேரலையைவிட அதிகக் காயம் உண்டாவது இங்கேதான். "நம் சபை சகோதரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நல்ல மனம் போடுகிறது. குழுவில் 300 பேர். அதில் அந்தச் சகோதரியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டார் இருக்கிறார்கள், அவள் வேலை பார்க்கிற பள்ளியின் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஜெபித்தவர்கள் எத்தனை பேரோ, மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சம்பந்தப்பட்டவரின் வாயிலிருந்து "போடலாம்" என்று வார்த்தை வராமல் பெயரையும் நோயையும் சேர்த்துப் போடாதீர்கள். "அறுவை சிகிச்சைக்குப் போகிற ஒரு சகோதரிக்காக" என்றாலே போதும். யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும். ஸ்கேன் படம், ஐசியூ புகைப்படம், மருத்துவமனை ரசீது வேண்டவே வேண்டாம். கடன், குடி, கணவன் மனைவி தகராறு எல்லாம் ஐயரிடமோ ஐயரம்மாவிடமோ நேரில் சொல்ல வேண்டியவை. பெரிய குழுவை நிர்வாகிகள் மட்டும் அனுப்பும்படி மாற்றிவிட்டு, ஜெபக்குறிப்புகளை ஒருவரிடம் தனியாக அனுப்பச் சொல்வது நல்ல ஏற்பாடு. அந்த ஒருவர் வாயடக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அப்படி ஒரு அம்மா நிச்சயம் இருப்பார்.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் படங்களுக்கும் இதே விதி. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சீருடை மூன்றும் சேர்ந்து பொதுப் பக்கத்தில் வரக் கூடாது.

யுபிஐ-யில் காணிக்கை வாங்கலாமா? வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறார்களே?

வாங்கலாம். கணக்கு சபையின் பெயரில் இருக்க வேண்டும், பொருளாளரின் சொந்த எண்ணில் அல்ல. பொருளாளர் எவ்வளவு நேர்மையானவரோ அவ்வளவுக்கு இது அவரைக் காக்கும். ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடின்மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிற திருடர்கள் உண்டு. ஞாயிறு காலையில் ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடட்டும். "காணிக்கை அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய 'பின்' எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு 'பின்' எண் தேவையே இல்லை. ஐயரின் படத்தை முகப்பில் வைத்துப் புது எண்ணிலிருந்து பணம் கேட்பதும் நடக்கிறது. ஐயரின் பழைய எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் விளையாட வேண்டாம். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்க முடியாது. பதிவு உள்ளவர்களும் டெல்லியில் உள்ள குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். துபாயில் இருக்கும் உங்கள் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து வங்கி வழியாகத் தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் ஆகும், அவர் நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்தவராகவே இருந்தாலும். சந்தேகம் இருந்தால் திருமண்டல (பேராயரின் ஆட்சிப் பகுதி) அலுவலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவை வைத்துத் தியானச் செய்தி தயாரிக்கலாமா?

அறிவிப்பு எழுத, தட்டச்சுப் பிழை பார்க்க, ஆங்கிலச் சுற்றறிக்கையைச் சுருக்கிப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். செய்திக்கு எனக்குச் சம்மதம் இல்லை. வேதாகமத்தில் இல்லாத வசனத்தை அதிகாரமும் எண்ணும் போட்டுப் பழைய மொழிபெயர்ப்பு நடையிலேயே அது எழுதிக் கொடுக்கும். கேட்பதற்கு அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொரு வசனத்தையும் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்தாலும் அடிப்படைக் குறை மாறாது. வாலிபர் கூடுகையில் ஒரு பையன் திக்கித் திணறி, தான் அந்த வாரம் பட்ட பாட்டோடு சொல்கிற மூன்று நிமிஷத்தை, வழவழவென்ற இரண்டு பக்கம் ஈடு செய்யாது.

எல்லாம் தெரிந்த அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. இனி?

எல்லா ஊரிலும் ஜூன் மாதத்தில் வருகிற கேள்வி. அவர் கிளம்புவதற்குள் இதைச் செய்யுங்கள். யூடியூப் அலைவரிசை அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால், சபைக்கென்று ஒரு மின்னஞ்சல் உண்டாக்கி அதற்கு உரிமையை மாற்றுங்கள். மீட்பு எண்ணாக அலுவலகப் போன் எண்ணைக் கொடுங்கள். மிக்ஸரில் ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒட்டுத்தாளில் தமிழில் எழுதுங்கள்: பிரசங்க மேடை, பீடம், பாடகர் ஆண், பாடகர் பெண், ஆர்கன். சரியாக அமைந்திருக்கும் நிலையில் ஒரு புகைப்படம் எடுத்து, அச்சிட்டு, மேஜைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவரையே வரையச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, திருவிருந்துப் பாத்திரங்கள் இருக்கிற பீரோவில் வைத்துவிடுங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று சபை முழுவதற்கும் தெரியும்.